அண்ணியின் பின்சக்கரம்

ஜூன் 9

அண்ணிக்கு,

போனில் கூப்பிட்டுச் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் என்னைப் பேச விடமாட்டீர்கள். "இரு இரு, நான் சொல்றத முதல்ல கேளு" என்று ஆரம்பித்தால் எனக்குக் காது சூடாகும் வரை நீங்களே பேசுவீர்கள். அதனால் உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கடைசி வரி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நேற்றுப் பந்தயம் முழுக்க மழை. எங்கள் அணி தங்கும் அறை சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கிறது. நனைந்த ஷூவுக்குள் திணிக்கப் பழைய பேப்பர் வேண்டுமென்று பட்டறையிலிருந்து ஒரு கட்டு எடுத்து வந்தேன். ஒரு தாளைக் கசக்கும்போது உங்கள் படம் தெரிந்தது. விரித்துப் படித்தேன். உலகப் போட்டிக்கான நம் நாட்டு மகளிர் அணி, ஆறு பேர். பயிற்சியாளர் என்ற முறையில் உங்கள் பேட்டி. ஆறு பேரில் நான் இல்லை. ஏன் இல்லை என்று நிருபர் கேட்டதற்கு நீங்கள் திருவாய் மலர்ந்திருக்கிறீர்கள்: "அவருடைய சாதனைகளை மதிக்கிறோம். ஆனால் இயல்பான திறமை குறைவு. கடின உழைப்பால் இவ்வளவு தூரம் வந்தவர். உலகப் போட்டிக்கு அது போதாது."

'அவர்' ஆகிவிட்டேனா நான்? இத்தனை வருஷமாக "அடியே அட்டை" என்று கூப்பிட்ட வாய்க்கு பேப்பர்காரன் முன்னால் மட்டும் மரியாதை வந்துவிட்டது.

உங்கள் முகத்தை வலது ஷூவுக்குள் திணித்தேன். காலையில் எடுத்துப் பார்த்தபோது நன்றாக ஈரம் உறிஞ்சியிருந்தீர்கள்.

அண்ணி, இரண்டு தடவை தேசிய சாம்பியன். வாரக்கணக்கில் ஓடும் பெரிய பந்தயத்தில் ஒரு தடவை முதலிடம். இதெல்லாம் திறமை இல்லாமல் எப்படி வந்தது? மருந்து போடுகிறாள் என்று சொல்லிப் பார்த்தார்கள். ரத்தம், சிறுநீர், முடி என்று எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்காமல் கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். இப்போது நீங்கள் புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் சொல்லி என்னை உலகப் போட்டிக்கு அனுப்பாமலே விட்டுவிட்டார்கள். எனக்கு முப்பத்தைந்து ஆகிறது. அடுத்த வருஷம் எந்த அணியும் என்னை வைத்துக்கொள்ளாது. இதுதான் எனக்குக் கடைசி. அந்த ஆறில் என் பெயரை எழுதுங்கள். பேப்பரில் சொன்னதையும் திரும்ப வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஷூ காய்வதற்காகக் காத்திருக்கும் நாத்தனார்


ஜூன் 17

அட்டைக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் கிளினிக்கிலிருந்து வருவதற்குள் படித்து முடித்தேன். அவர் கையில் கொடுத்தேன். படித்தார். "ம்" என்றார். ஊரில் உள்ளவர்களையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லும் பல் டாக்டர், நம் இருவர் விஷயத்தில் தன் வாயை மட்டும் திறக்கமாட்டார். ஆகவே பதில் என்னுடையதுதான்.

நான் பொய் சொல்லவில்லை. பிப்ரவரியில் எங்கள் பரிசோதனை அறைக்கு வந்தாய். நகராத அந்தச் சைக்கிளில் ஏற்றி, மூக்கில் முகமூடி மாட்டி, மூச்சை அளந்தோம். நீ இறங்கிய பிறகு தரையில் குளம் கட்டியிருந்த வியர்வையைத் துடைத்தவள் நான்தான். பன்னிரண்டு பேரில் நீ பதினோராவது. பன்னிரண்டாவது ஆளுக்கு அன்று காய்ச்சல். இந்த நம்பரை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் வாதாடுவது?

இந்த வருஷப் பாதையைப் பார்த்தாயா? பந்தயம் மலையின் மேல் முடிகிறது. மலை ஏறும்போது வேகம் குறைவு. வேகம் குறைந்தால் காற்று எதிர்க்காது. காற்று எதிர்க்காவிட்டால் இன்னொருத்தியின் பின்னால் ஒளிந்து பயனில்லை. அங்கே நுரையீரல் மட்டும்தான் பேசும். உன் பிழைப்பே ஒளிவதில் இருக்கிறது. நான் சொல்லவில்லை, அடுத்தவள் முதுகில் ஒட்டிக்கொள்கிறாய் என்று உனக்கு அட்டை என்று பெயர் வைத்த ஊர் சொல்கிறது.

எல்லோரும் 'ரயில்' என்று கூப்பிடும் அந்தப் பெண்ணைச் சேர்த்திருக்கிறேன். இருபது வயது. அவள் முகமூடி மாட்டி மிதித்தபோது இயந்திரம் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தோம். நான் ஓட்டிய காலத்தில் எனக்கு இருந்த மூச்சைவிட ஒரு பிடி அதிகம். அவளை ஜெயிக்க வைக்க ஐந்து பேர் வேண்டும். நீ யாரையாவது ஜெயிக்க வைத்திருக்கிறாயா?

அந்தத் தேசியப் பந்தயத்தை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நான் உன் அண்ணியாகி ஆறு மாதம். எல்லோரையும் விட்டு நாம் இருவரும் முன்னால் தனியாக வந்துவிட்டோம். கடைசி ஒரு மணி நேரம் நான்தான் முன்னால் இழுத்தேன். முழங்கையை ஆட்டி ஆட்டி, முன்னால் வா, கொஞ்ச நேரம் நீ இழு என்று சைகை காட்டினேன். "முடியல அண்ணி, மூச்சு முட்டுது" என்றாய். முடிவுக் கோடு தெரிந்ததும் மூச்சு எங்கிருந்து வந்தது? என்னைத் தாண்டிப் போய்க் கையைத் தூக்கினாய். அந்த வருஷமே என் முழங்கால் போயிற்று, நான் நிறுத்திக்கொண்டேன். என் கடைசிப் பெரிய பந்தயம் அது. அதில் உனக்குக் குடை பிடித்தேன்.

பேப்பரில் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

அண்ணி


ஜூன் 26

அண்ணிக்கு,

நல்லது. இத்தனை வருஷம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே இதை மனதில் வைத்திருந்தீர்கள். வெளியே வந்துவிட்டது, இருவருக்கும் நிம்மதி.

மூச்சு முட்டுகிறது என்றேன். முட்டத்தான் செய்தது. கோட்டுக்கு முன்னால் செலவழிக்க ஒரு துளி மிச்சம் வைத்திருந்தேன். அதை உங்கள் முழங்கை கேட்கிறதே என்று நடுவழியில் கொட்டியிருந்தால் உங்களுக்கு ஒரு தங்கம், எனக்கு ஒரு முதுகுத் தட்டு கிடைத்திருக்கும். நான் உங்களை இழுக்கச் சொல்லவில்லை. நீங்கள் வேகத்தைக் குறைத்திருக்கலாம். என் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கலாம். ஏன் செய்யவில்லை? அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. அந்தப் பந்தயத்துக்காக நான் வருத்தப்படவில்லை. வருத்தப்படப் போவதும் இல்லை.

அப்புறம், 'கடின உழைப்பாளி' என்ற மாலையை என் கழுத்தில் போடாதீர்கள். திறமை இல்லை என்று சொன்னதைவிட அதுதான் எனக்கு எரிச்சல். படிப்பு வராத பையனைப் பார்த்து, நல்ல ஒழுக்கமான பிள்ளை என்று சொல்வது மாதிரி இருக்கிறது. பயிற்சியில் உங்கள் ரயில் எனக்கு ஒன்றரைப் பங்கு மிதிக்கிறாள். நான் சோம்பேறி. பந்தய உலகிலேயே என்னைப்போல ஒரு சோம்பேறியை, ஒரு பிசினாறியைப் பார்க்க முடியாது. மூச்சு விஷயத்தில் எனக்கு அவ்வளவு கஞ்சத்தனம். கொஞ்சம்தான் கொடுத்திருக்கிறான் ஆண்டவன், வாரி இறைக்க நான் என்ன உங்கள் மாதிரி பணக்காரியா?

என்ன செய்கிறேன் தெரியுமா? பந்தயம் கிளம்பி முதல் ஒரு மணி நேரம் முதுகுகளைப் பார்க்கிறேன். எவள் முதுகு அகலம். எவள் வளைவில் பயந்து பிரேக்கைத் தொடுவாள். எவள் தண்ணீர் குடிக்கும்போது பக்கவாட்டில் ஆடுவாள். எவளுக்குப் பக்கத்தில் ஆள் வந்தாலே கோபம் வரும். என் முன்சக்கரத்துக்கும் அவள் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அது எனக்கு அதிகம். பக்கவாட்டில் காற்று அடித்தால் மறைவு நேர் பின்னால் இருக்காது, சற்றுத் தள்ளி இருக்கும். அந்த இடம் எங்கே என்று என் கன்னத்துக்குத் தெரியும். இதை அளக்க உங்கள் அறையில் என்ன வைத்திருக்கிறீர்கள்? ஜன்னலை மூடிவிட்டுத்தானே பரிசோதனையே செய்கிறீர்கள்!

இப்போது பாதைக்கு வருகிறேன். போன வாரம் பஸ் பிடித்துப் போய் நேரில் பார்த்தேன். நீங்கள் மலையைப் பார்த்து மலைத்துப் போயிருக்கிறீர்கள். மலைக்கு முன்னால் ஏரிக்கரை மேல் ஒரு நீளமான சாலை வருகிறதே, அதில் இறங்கி நடந்தீர்களா? ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சரிவு. ஒரு மரம் கிடையாது, ஒரு சுவர் கிடையாது. மதியத்துக்கு மேல் தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று அடிக்கிறது பாருங்கள், நின்றுகொண்டிருந்த என்னையே தள்ளியது. கரை முடியும்போது முன்னால் ஒரு சின்னக் கூட்டம்தான் மிச்சமிருக்கும். மற்றவர்கள் பின்னால் சிதறிக் கிடப்பார்கள். மலை ஏறும் போட்டி அந்தச் சின்னக் கூட்டத்துக்குள்தான். உங்கள் ரயில் அந்தக் கூட்டத்தில் இருப்பாளா?

போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நாத்தனார்


ஜூலை 8

அட்டைக்கு,

போனேன். உன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். கார் கதவைத் திறந்து இறங்கியதும் அவர் தொப்பி பறந்து ஏரியில் விழுந்தது. அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அவ சொல்றது சரிதான் போலருக்கு" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை.

நீ சொன்னது சரி. எழுதிவிட்டேன், திரும்பத் திரும்பப் படித்துச் சந்தோஷப்படு.

ஆனால் நான் மட்டும் முடிவு செய்கிறவள் இல்லை. என் மேல் சம்மேளனத்தின் தேர்வுக் குழு இருக்கிறது. ரயில்தான் தலைவி என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அவளுக்காக உடைகளும் சுவரொட்டிகளும் அடித்தாகிவிட்டது. ஆறு பேரில் ஒருத்திக்குத் தோள்பட்டையில் அடி. அந்த இடம் காலியாக இருக்கிறது. உன்னைப் போடலாம், ஒரே நிபந்தனையில். நீ அவளுக்கு வேலை செய்யவேண்டும். ஏரிக்கரையில் அவளுக்குக் காற்று மறைவு கொடுத்து, முன் கூட்டத்தில் வைத்து, மலை அடிவாரம் வரை கொண்டு சேர்க்க வேண்டும். அதோடு உன் வேலை முடிந்தது. உன் பிழைப்பையே தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். உன்னால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. குழுவுக்கும் தெரியவில்லை. நான் என் பெயரைப் பணயம் வைத்துத்தான் கேட்கப் போகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்குக் கோபம் அந்த ஒரு பந்தயத்துக்காக மட்டும் இல்லை. என்னிடம் எல்லாம் இருந்தது. டாக்டர்கள் என் நெஞ்சுப் படத்தை மாணவர்களுக்குக் காட்டினார்கள். நான் ஆறு வருஷத்தில் முடிந்து போனேன். உன்னிடம் ஒன்றுமில்லை. நீ இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாய். டிவியில் நீ ஒவ்வொரு தடவை கையைத் தூக்கும்போதும் உன் அண்ணன் எழுந்து கைதட்டுவார். நானும் தட்டுவேன். தட்டிக்கொண்டே வயிறு எரியும். இதை உனக்கு எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இல்லை, ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

உன் முடிவை உடனே எழுது.

அண்ணி


ஜூலை 14

அண்ணிக்கு,

வயிற்றெரிச்சலுக்கு மருந்து என் அண்ணனிடம் கிடைக்காது, அவர் பல்லோடு சரி. ஆனாலும் எழுதினீர்களே, அதற்காக உங்கள் நம்பரைத் திறந்துவிடலாமா என்று யோசித்தேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன். எழுத்தில் நீங்கள் நல்ல மனுஷியாக இருக்கிறீர்கள்.

வருகிறேன். என் நிபந்தனை இது. அவள் என் சக்கரத்தை விடாதவரை அடிவாரம் வரைக்கும் மறைவு கொடுப்பேன். என்னிடம் இருக்கும் கொஞ்சத்தையும் அவளுக்காகச் செலவழிப்பேன். அடிவாரத்துக்கு அப்புறம் என் கால் என்னுடையது. அங்கே இறங்கி ஓரமாக நின்று கைதட்டச் சொல்லாதீர்கள்.

நான் உதவிக்கு வரும் ஆள் இல்லை. பந்தயத்துக்கு வருகிறேன், வழியில் உதவுகிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. குழுவுக்குப் புரியும்படி நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

நாத்தனார்


ஆகஸ்ட் 2

அட்டைக்கு,

உன் பெயர் ஏறிவிட்டது. குழுவில் ஒருவர், "அந்த அட்டையையா?" என்று சிரித்தார். "ஆமா, அந்த அட்டையத்தான்" என்றேன்.

ரயிலிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். "அவங்க பின்னாடி நான் எதுக்குப் போகணும்? என்னைவிட மெதுவாத்தானே ஓட்டுவாங்க" என்றாள். சின்னப் பெண், சரியாகிவிடுவாள். பந்தயத்துக்கு முந்திய வாரம் இருவரும் சேர்ந்து பயிற்சி செய்ய ஏற்பாடு செய்திருக்கிறேன். அவளைப் பின்னால் உட்காரப் பழக்கு. திட்டாமல் பழக்கு.

நான் பின்னால் காரில் வருவேன். வயர்லெஸில் நான் சொல்வதைக் கேள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது.

அண்ணி


ஆகஸ்ட் 27

நாத்தனாருக்கு,

பந்தயம் முடிந்ததும் நீ ஹோட்டலுக்கு வரவில்லை. விருந்துக்கு வரவில்லை. உன் அணி வண்டியில் ஏறி அப்படியே போய்விட்டாய். போன் எடுக்கமாட்டாய். சரி, எழுதுகிறேன்.

மூன்றாம் இடம். இந்தப் போட்டியில் நம் நாட்டுக்குக் கிடைத்த முதல் பதக்கம். வாழ்த்துகள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று உன் அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார்.

இப்போது நான். ஏரிக்கரையில் ரயில் உன் பின்னாலிருந்து கழன்றாள். முதலில் ஒரு சைக்கிள் நீளம், பிறகு பத்து, பிறகு அவ்வளவுதான். "நில்லு, அவளுக்காக நில்லு" என்று வயர்லெஸில் கத்தினேன். உனக்குக் கேட்டது. கேட்டதால்தான் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கினாய். நாடே டிவியில் பார்த்தது. நீ முன் கூட்டத்தோடு போய்விட்டாய். ரயில் எங்கேயோ பின்னால் நாற்பதுக்கு மேல் வந்து, சைக்கிளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவளைத் தூக்கி நிறுத்தியவள் நான்.

பேப்பரில் உன்னைத் துரோகி என்று எழுதுகிறார்கள். குழு கூடுகிறது. உனக்கு ஆயுட்காலத் தடை என்ற பேச்சு அடிபடுகிறது. தடை வந்தால் இந்த வருஷத்தில் மிச்சமிருக்கும் பந்தயங்களும் போயிற்று. சைக்கிளைத் தொட்டு எந்த வேலையும் செய்ய முடியாது. பயிற்சியாளராகக்கூட முடியாது. நான் சாட்சி சொல்ல வேண்டும். உன்னைச் சேர்த்தவளும் நான், காரில் இருந்தவளும் நான்.

ஒரு வரி வருத்தம் தெரிவித்து எழுது. அதை வைத்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி


செப்டம்பர் 3

அண்ணிக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். வருத்தம் என்ற வரி என்னிடம் இல்லை. நடந்ததை எழுதுகிறேன், அதை வைத்து என்ன செய்ய முடியுமோ செய்யுங்கள்.

பந்தயத்துக்கு முந்திய வாரம் அவளை என் பின்னால் உட்காரப் பழக்கினேன். திட்டாமல்தான். நேர்ச்சாலையில் உட்காருவாள். கொஞ்சம் வேகம் கூடினாலோ வளைவு வந்தாலோ விலகி வெளியே போய்விடுவாள். காற்றில் தனியாக மிதிப்பாள். "ஏன்மா?" என்று கேட்டால், "நான் பாத்துக்கறேன்" என்பாள். அவ்வளவு மூச்சு இருக்கிறவளுக்குக் காற்று ஒரு பொருட்டா? பழகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஏரிக்கரையில் ஏறும் வளைவுக்கு முன்னாலேயே அவளை முன் வரிசைக்குக் கொண்டுவந்தேன். அதுவரை காற்றில் நான்தான் இழுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் யாருக்கும் முன்னால் போனதில்லை. நெஞ்சு கிழிந்தது. கரையில் ஏறியதும் காற்று அடித்த அடியில் எல்லோரும் குறுக்குவாட்டில் ஒருவர் மறைவில் ஒருவர் வரிசை கட்டினார்கள். "என் வலது பக்கம் ஒட்டிக்கோ, சக்கரத்த விடாத!" என்று கத்தினேன். ஒட்டினாள். கொஞ்ச தூரம். பிறகு எனக்கு முன்னால் போனவள் லேசாக ஆடினாள். நான் ஆடவில்லை. ரயில் பிரேக்கைத் தொட்டாள்.

ஒரு தொடுதல். அவ்வளவுதான். நடுவில் ஒரு சைக்கிள் நீள இடைவெளி விழுந்தது. பக்கக் காற்றில் அந்த இடைவெளிக்குள் மொத்தக் காற்றும் புகுந்துவிடும், உங்களுக்குத் தெரியும். அக்குள் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். "வா, வா!" என்றேன். தலையைக் குனிந்து மிதிக்கிறாள். அவள் மூச்சுக்கு எட்டிப் பிடித்திருக்கலாம். ஆனால் பிடித்தால் மறுபடி என் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து உட்கார வேண்டும். அதற்கு அவள் தயாராக இல்லை. அவள் முகத்தில் பார்த்தேன்.

அப்போதுதான் உங்கள் குரல் காதில் வந்தது, நில்லு என்று. யோசிக்கவே இல்லை என்று எழுதினால் பொய். யோசித்தேன். நின்றால் இரண்டு பேரும் போவோம். நிற்காவிட்டால் ஒருத்தியாவது இருப்பாள். அந்த ஒருத்தி நான் என்பதும் எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். யோசித்துத்தான் ஒயரைப் பிடுங்கினேன்.

ஜூலையில் நான் எழுதியதை எடுத்துப் பாருங்கள். அவள் என் சக்கரத்தை விடாதவரை என்றுதான் எழுதினேன். நீங்கள் அதை ஏதோ பேச்சுக்கு எழுதியது என்று நினைத்துவிட்டீர்கள். எங்கள் தொழிலில் அது பேச்சு இல்லை. விட்டாள்.

மலை அடிவாரத்துக்கு ஒன்பது பேர் வந்தோம். ஏற ஆரம்பித்ததும் எட்டுப் பேரும் என்னை விட்டுவிட்டுப் பறந்தார்கள். உங்கள் இயந்திரம் சொன்னது சரிதான், எனக்கு அந்த மூச்சு கிடையாது. நான் என் பாட்டுக்கு என் கணக்கில் ஏறினேன். மேலே எட்டுப் பேரும் ஒருத்தியை ஒருத்தி அடித்துக்கொண்டு திமிறித் திமிறி ஓடியிருக்கிறார்கள். பாதி மலையில் ஒருத்தி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். தாண்டினேன். அடுத்த வளைவில் இரண்டு பேர். மேலும் இரண்டு பேரைத் தாண்டும்போது கடைசிக் கிலோமீட்டர் கொடி தெரிந்தது. ஆறாவது ஆளை முடிவுக் கோட்டுக்கு முன்னால் பிடித்தேன். அவள் அழுதுகொண்டே ஓட்டினாள், நான் சிரித்துக்கொண்டே தாண்டினேன். இப்படித்தான் மூன்றாமிடம்.

தடை போடட்டும். பதக்கத்தைத் திருப்பிக் கேட்டால் மட்டும் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

நாத்தனார்


செப்டம்பர் 15

என் நாத்தனாருக்கு,

குழு கூடியது. தடை இல்லை. உன் பெயர் அப்படியே இருக்கிறது. இந்த வருஷம் மிச்சமிருக்கும் எல்லாப் பந்தயத்திலும் நீ ஓட்டலாம். முதலில் இதைப் படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடி.

கூட்டத்துக்கு முன்னால் ரயிலைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். முதலில் உன் மேல் பழி சொன்னாள். நான் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், உன் அண்ணனிடம் கற்றுக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உடைந்தாள். "முன்னாடி சக்கரம் இருந்தா எனக்குப் பயமா இருக்கு மேடம். முட்டி விழுந்துருவேனோன்னு கையே நடுங்குது. அதான் எப்பவும் முன்னாடி போயிடுவேன்" என்றாள்.

அவள் வாயிலிருந்து வந்தது என் கதை.

அந்தத் தேசியப் பந்தயத்தில் நான் ஏன் உன் பின்னால் வந்து உட்காரவில்லை என்று ஜூனில் கேட்டிருந்தாயே. கடிதத்தில் அந்த இடத்தை நான் தாண்டிப் போய்விட்டேன். பயம். ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அடுத்தவள் சக்கரம் என் முன்னால் இருந்தால் எனக்குக் கை நடுங்கும். என்னிடம் மூச்சு இருந்தது, அதனால் முன்னால் போய்விட்டேன். எல்லோரும் அதைத் தைரியம் என்றார்கள். நானும் அப்படியே நம்பிக்கொண்டேன். பயத்துக்குப் போட்ட சட்டை அது. உன் அண்ணனுக்குக்கூட இது தெரியாது.

ரயிலை என் பக்கத்தில் உட்காரவைத்து, குழுவிடம் அவளே நடந்ததைச் சொல்லும்படி செய்தேன். நல்ல பெண், மறைக்கவில்லை. பிறகு நான் எழுந்தேன். உன் ஜூலைக் கடிதத்தில் இருந்த அந்த நிபந்தனையைச் சொன்னேன். கடைசியில் இதையும் சொன்னேன்: "இவளுக்கு இயல்பிலேயே திறமை இருக்கிறது. நம் இயந்திரத்துக்குத்தான் அதை அளக்கத் தெரியவில்லை. நான் பேப்பரில் சொன்னது தவறு." பேப்பர்காரர்களிடமும் இதையே சொல்லிவிட்டேன். நாளை மறுநாள் வரும்.

நீ முதல் கடிதத்தில் கேட்டது இதுதானே? கொடுத்துவிட்டேன். இனிமேலாவது போனை எடு.

அண்ணி


செப்டம்பர் 22

அண்ணிக்கு,

தடை இல்லை என்ற வரியைப் படித்துவிட்டுக் கட்டில் மேல் ஏறிக் குதித்தேன். கீழே பட்டறைக்காரர் கூரையைக் கம்பியால் தட்டினார். நன்றி அண்ணி. ரயிலிடமும் சொல்லுங்கள், பயத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கே அந்த வயதில் துணிச்சல் இருந்ததில்லை.

ஆனால் அந்தக் கடைசிப் பகுதி! இயல்பிலேயே திறமை இருக்கிறது என்று யாரைக் கேட்டுக்கொண்டு சொன்னீர்கள்?

ஜூனில் இதைச் சொல்லியிருந்தால் உங்கள் காலில் விழுந்திருப்பேன். இப்போது எனக்கு வேண்டாம். இயல்பிலேயே இருந்தது என்றால் நான் என்ன கிழித்தேன்? பிறக்கும்போதே கையில் கொடுத்துவிட்டார்கள், வாங்கிக்கொண்டு வந்து ஓட்டினேன் என்று ஆகிவிடும். நீங்களும் ரயிலும் மட்டும்தான் பயந்தீர்கள் என்று நினைத்தீர்களா? முதல் வருஷம் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் நான் வாந்தி எடுத்தேன். அடுத்தவள் சக்கரத்தைப் பார்த்தாலே கண் இருட்டும். இரண்டு தடவை முட்டி விழுந்து காறை எலும்பு உடைந்தது. ஆனால் உங்களுக்கு முன்னால் ஓடிப்போகும் வசதி இருந்தது. எனக்கு அது இல்லை. முன்னால் போனால் செத்துவிடுவேன். அதனால் நடுங்கிக்கொண்டே பின்னால் உட்கார்ந்தேன். அடுத்த வாரமும் உட்கார்ந்தேன். அதற்கடுத்த வாரமும். கை நடுக்கம் எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. என் கன்னத்துக்குக் காற்று தெரியும் என்று எழுதினேனே, அது பிறவியில் வந்த கன்னம் இல்லை. அடி வாங்கின கன்னம்.

திறமை இருந்து ஜெயித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பேப்பரில் தினமும் ஒருத்தி வருகிறாள். அது இல்லாமல் ஜெயித்தவள் நான். என்னிடம் இருப்பதே அது ஒன்றுதான், அதையும் நீங்கள் தானமாகக் கொடுத்துப் பிடுங்கப் பார்க்கிறீர்கள். பேப்பர்காரரை மறுபடி கூப்பிடுங்கள். முதலில் சொன்னதுதான் சரி, இவளுக்குத் திறமை குறைவு என்று சொல்லுங்கள். உழைப்பு என்ற பேச்சை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பதக்கம் இருக்கிறது என்று போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திறமையில்லாத உங்கள் நாத்தனார்